வீடும் விதியும்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டின் தொல்லையையும் பட்டறிந்த பெரியவர் ஒருவர் சொல்லிச் சென்றதாக இருக்கவேண்டும். அவர் இக்காலத்தில் இருந்திருந்தால், ‘அனுமதி வாங்கிப் பார்’ என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார். புதிதாக ஓர் அறை எடுக்கவேண்டும், மாடி கட்டவேண்டும், கழிவறை அமைக்கவேண்டும் என்று எண்ணுகிற எவரும் முதலில் வரைபடத்தோடும் மனுவோடும் உள்ளாட்சி அலுவலகத்துக்குச் செல்லவேண்டியிருக்கிறது. ‘என் நிலம், என் பணம், என் வீடு. இதற்கு நான் ஏன் பிறரிடம் கேட்கவேண்டும்?’ என்ற கேள்வி அப்போது எழுவது இயற்கை.

அந்தக் கேள்விக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இந்தப் பேச்சின் நோக்கம். இதற்கு உரைகல்லாக நான் எடுத்துக்கொள்வது கேரளத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து எல்லைக் கிராமங்களை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை வழியாகப் பாறசாலையை அடைகிறோம். சிறிது தூரத்தில் களியக்காவிளை, அது தமிழ்நாடு. சாலையின் இரு மருங்கிலும் அதே செம்மண், அதே தென்னையும் பலாவும் மரச்சீனியும், அதே சரிந்த ஓட்டுக்கூரைகள். எல்லைக் கோடு ஒன்று நடுவே செல்கிறது என்பதைக் கடைப்பலகைகளின் எழுத்தைக் கொண்டுதான் அறியவேண்டும்.

இந்தக் கோடு பழையதன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அதுவரை ஒரே அரசின் கீழ், ஒரே சட்டத்தின் கீழ் வாழ்ந்த குடும்பங்களில் வீடு ஒரு மாநிலத்திலும் விளை மற்றொரு மாநிலத்திலுமாக ஆனவை உண்டு. ஆகவே இப்பகுதியில் வீட்டுக்கு விதி வந்த கதையைச் சொல்லும்போது பெரும்பகுதி இரு பக்கத்துக்கும் பொதுவான கதையாகவே அமையும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டும். வீடு கட்டுவதைப் பற்றிய விதிகள் பண்டைக்காலம் முதலே இருவகையாக இருந்துவந்திருக்கின்றன. ஒருவகை விதி, கட்டுகிறவன் சுவரையும் அடுத்தவன் சுவரையும் பார்க்கிறது. மற்றொருவகை விதி, கட்டுகிறவன் யார் என்று பார்க்கிறது. முன்னதற்குச் சான்று வேண்டுமாயின் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தைப் பார்க்கலாம். அண்டை வீட்டுச் சுவருக்கும் நம் சுவருக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி, இறவாரத்து மழைநீர் விழவேண்டிய இடம், அயலார்க்கு இடையூறு தராத வகையில் சன்னல் வைத்தல், மீறினால் கட்டவேண்டிய தண்டம் ஆகியவற்றை அந்நூல் வரையறுத்துக் கூறுகிறது. இன்றைய கட்டட விதிகளுக்கு அது பாட்டன் என்றே சொல்லலாம்.

நாம் பேசும் எல்லைப்புறத்திலும் இத்தகைய நல்ல வழக்குக்குப் பழைய சான்று ஒன்று கிடைக்கிறது. பாறசாலைக்குத் தெற்கே, விளவங்கோடு தாலுகாவில், முஞ்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம் என்னும் ஊர் இருக்கிறது. கி.பி. 866-ஆம் ஆண்டளவில் ஆய்குல வேந்தன் கருநந்தடக்கன் அங்கே திருமால் கோயில் ஒன்றும், 95 சட்டர்கள் தங்கிப் பயிலும் சாலை ஒன்றும் எடுக்க விரும்பினான். அவன் விரும்பிய நிலம் முஞ்சிறைச் சபையாருக்கு உரியது. நாட்டை ஆளும் வேந்தனாயிற்றே என்று அவன் அதனைப் பறித்துக்கொள்ளவில்லை. அதற்கு மாறாக வேறு நிலத்தைச் சபையாருக்குக் கொடுத்து, எல்லை குறித்து, அதன் பின்னரே கட்டடத்தைத் தொடங்கினான். இச்செய்தியைத் தமிழில் எழுதிய செப்பேடு இன்றும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கட்டுவதற்கு முன் ஊரைக் கேட்பது இழிவன்று என்று நினைத்த அரசன் ஒருவன் இம்மண்ணில் வாழ்ந்தான் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். சோழர் காலத்துக் கொடைச் செப்பேடுகளில், நிலம் பெற்றவர்களுக்கு வழங்கப்பட்ட உரிமைகளை வரிசைப்படுத்தும் பகுதி ஒன்று உண்டு. கிணறு தோண்டிக்கொள்ளலாம், தென்னை வைத்துக்கொள்ளலாம் என்று வரும் அந்த வரிசையில், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஓர் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. உரிமை என்று தனியே எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது என்றால், எழுதிக் கொடுக்கப்படாதவர்கள் நிலை என்ன என்பதை நாம் உய்த்துணரலாம். செங்கல் எல்லார்க்கும் உரிய பொருளாக இருந்ததில்லை.

கொங்கு நாட்டுக் கல்வெட்டுகள் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. கொங்குச் சோழர் காலத்தில் கம்மாளர்க்குச் சில உரிமைகள் அரசாணையாக வழங்கப்பட்டன. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பன அவை. கம்மாளர் என்போர் யாவர்? கல்லையும் மரத்தையும் பொன்னையும் இரும்பையும் ஆளும் கைவினைஞர்கள். கோயில்களையும் மாளிகைகளையும் எழுப்பிய இனத்தார். பிறர் வீட்டைக் கட்டிக்கொடுத்தவர்களுக்குத் தம் வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசனின் ஆணை கல்லில் வெட்டப்படவேண்டியிருந்தது. வீட்டைச் செப்பனிடுவதற்கு வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரங்களுள் மிகப் பழையனவாக நமக்குக் கிடைப்பவற்றுள் இதுவும் ஒன்று என்று கூறினால் மிகையாகாது.

சேரநாட்டில் இவ்வழக்கு வேரூன்றி நீண்டகாலம் நிலைத்துவிட்டது. அங்கே வீடு என்ற சொல்லே எல்லார் வீட்டுக்கும் பொருந்துவதாக இல்லை. 1887-இல் வெளிவந்த மலபார் கையேட்டில் வில்லியம் லோகன் தரும் பட்டியலைப் பாருங்கள். அரசர் வாழ்வது கோவிலகம் அல்லது கொட்டாரம். நம்பூதிரி வாழ்வது இல்லம் அல்லது மனை. கோயிற் பணியாளர் வாழ்வது வாரியம். நாயர் வாழ்வது வீடு அல்லது பவனம். கைவினைஞரும் கள்ளிறக்குவோரும் வாழ்வது புரை அல்லது குடி. வயலில் உழைத்த அடிமை வாழ்வது சாளை. இருக்கும் இடத்தின் பெயரைக் கேட்டால் இருப்பவரின் பிறப்பு விளங்கிவிடும். பெயரே இவ்வாறாயின் பொருளும் அவ்வாறே இருந்தது. கூரையில் ஓடு வேய்வது கோயிலுக்கும் அரண்மனைக்கும் சிறப்புரிமை பெற்ற சிலருக்கும் உரியதாகக் கருதப்பட்டது. ஏனையோர்க்கு ஓலையே விதி.

திருவிதாங்கூரில் இத்தகைய சிறப்புகளை அனுபவிக்க விரும்பியவர் அரசுக்கு ஒரு தொகை செலுத்தி இசைவு பெறவேண்டும். அதற்கு அடியறைப் பணம் என்பது பெயர். பொன் வெள்ளி நகை அணிவதற்கும் அது வேண்டும். ராணி கௌரி பார்வதி பாயி 1815 முதல் 1829 வரை பொறுப்பாட்சி நடத்தியபோது நகைக்கான அடியறைப் பணத்தை நீக்கினார். வசதியுள்ள எவரும் தம் வீட்டுக்கு ஓடு வேய்ந்துகொள்ளலாம் என்றும் அவர் காலத்தில் ஆணை பிறந்தது. திருவிதாங்கூர் மக்களின் வீட்டு வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம்.

இந்த இடத்தில் வேறொரு நாட்டின் செய்தியை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். 1666-இல் லண்டன் மாநகரைப் பெருந்தீ எரித்தழித்தது. அதையடுத்து 1667-இல் இயற்றப்பட்ட சட்டம், இனி வீடுகளை மரத்தால் கட்டலாகாது, செங்கல்லாலோ கல்லாலோதான் கட்டவேண்டும் என்று கட்டளையிட்டது. தீக்கு அஞ்சிய அந்த அரசு, உறுதியான பொருளால் கட்டு என்று குடிமக்களை வற்புறுத்திற்று. நம் பக்கத்திலோ, ஆண்டுதோறும் கோடையில் ஓலைக்கூரைகள் தீப்பற்றும் நாட்டில், உறுதியான பொருளால் கட்டாதே என்று மக்களுள் பெரும்பாலோரை வழக்கு தடுத்துவைத்திருந்தது. இரண்டும் கட்டட விதிகள்தாம். ஆயினும் ஒன்று தீயைப் பார்த்தது. மற்றொன்று ஆளைப் பார்த்தது.

ராணியின் ஆணையால் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஏட்டில் எழுதிய ஆணை ஊர் எல்லையைக் கடந்து உள்ளே வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் அல்லவா? தென் திருவிதாங்கூரில் பல்லாண்டு பணியாற்றிய சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில், சாணார் எனப்பட்ட நாடார் மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்த தடைகளைத் தொகுத்துக் கூறுகிறார். குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன்னகை பூணலாகாது, ஒரு நிலைக்கு மேல் வீடு எழுப்பலாகாது. மகளிர் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த நீண்ட போராட்டம் 1859-ஆம் ஆண்டு அரச விளம்பரத்தோடு ஒரு கட்டத்தை எட்டியது வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. அந்த மேலாடையும் இந்த மேல்மாடியும் ஒரே தடையின் இரு கிளைகள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அடிமை முறை 1855-இல் ஒழிக்கப்படும் வரை, உழைப்பாளருள் ஒரு பகுதியினர் தாங்களே பிறர் உடைமையாக இருந்தனர். உடைமைக்கு ஏது உடைமை? ஓடா ஓலையா என்ற கேள்வியே அவர்கள்முன் எழவில்லை.

1865-ஆம் ஆண்டை நான் இவ்வரலாற்றில் தனியே குறித்துவைத்துக்கொள்கிறேன். அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள், ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆட்சியில், கும்பகோணத்தில் பிறந்த திவான் தி. மாதவராவ் காலத்தில், பண்டாரப் பாட்ட விளம்பரம் வெளியாயிற்று. அரசு நிலத்தில் குத்தகையாக இருந்த குடியானவர்கள் அந்நிலத்தை விற்கவும், ஒற்றி வைக்கவும், மக்களுக்கு விட்டுச்செல்லவும் முழு உரிமை பெற்றனர். மண் நிலைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தபின் அல்லவா மனிதன் கல்லில் காசைப் போடுவான்? அதே 1865-இல், வடக்கே மங்களூரில், நேத்திராவதி ஆற்றங்கரையிலுள்ள ஜெப்பு என்னுமிடத்தில், பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்டு என்பவர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். இயந்திரத்தால் அழுத்திச் சுட்ட, ஒன்றோடொன்று கவ்விப் பிடிக்கும் அந்த ஓடு மங்களூர் ஓடு என்ற பெயரில் மேற்குக் கரை முழுவதும் பரவிற்று. ஒரு பக்கம் நிலவுரிமை, மறுபக்கம் மலிவான ஓடு. இரண்டும் ஏறக்குறைய ஒருசேர வந்தன. நம் எல்லைக் கிராமங்களில் ஓலை மெல்ல மெல்ல ஓட்டுக்கு இடம்விட்டதன் பின்னணி இதுதான்.

ஆனால் அரசு நிலத்திலும் குத்தகை இல்லாதவர்கள், பிறர் விளையில் குடிசை போட்டிருந்தவர்கள் நிலை வேறு. அவர்களுக்காக நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலிருந்தே ஒரு குரல் எழுந்தது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட அப்பெருமகனார் சபையில் கேட்டவற்றுள் முதன்மையானது நிலம். தரிசாகக் கிடக்கும் புதுவல் நிலத்தைத் தம் மக்களுக்குப் பதிவு செய்து கொடுக்கவேண்டும், அவர்கள் அதில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் வேண்டும் என்று அவர் வாதாடினார். கூரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கூரை நிற்கும் தரையைப் பற்றிப் பேசவேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பிறர் நிலத்தில் குடிசை போட்டு, அந்நிலத்துக்காரர் விரும்பும் வரை இருப்பதற்கு மலையாளத்தில் குடிகிடப்பு என்பது பெயர். ‘கிடப்பு’ என்ற சொல்லை நோக்குங்கள். இருப்பு அன்று, கிடப்பு. கேரளம் பிறந்தபின் அமைந்த முதல் அமைச்சரவை, பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், 1957 ஏப்ரல் 11-ஆம் நாள், குத்தகையாளரையும் குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றலாகாது என்று அவசரச் சட்டம் பிறப்பித்தது. பின்னர் 1963-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969-இல் திருத்தப்பெற்று, 1970 ஜனவரி 1 முதல் குடிகிடப்புக்காரருக்குத் தம் குடிசையைச் சூழ்ந்த மனையை விலைக்குப் பெறும் உரிமையை அளித்தது. பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரிலும் பெரிய நகராட்சிகளிலும் 3 சென்ட் என்பது கணக்கு.

இச்சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. குடிகிடப்புக்காரர் தம் குடிசையைப் பேணவும், பழுதுபார்க்கவும், அதே பொருளாலோ வேறு பொருளாலோ திரும்பக் கட்டவும் உரிமை உடையவர்; தரைப்பரப்பு மட்டும் கூடலாகாது. ‘வேறு பொருளாலோ’ என்ற இரண்டு சொற்களின் எடையை எண்ணிப் பாருங்கள். ஓலையை எடுத்துவிட்டு ஓடு போடலாம். மண்சுவரை எடுத்துவிட்டுக் கல்சுவர் வைக்கலாம். நிலத்துக்காரர் தடுக்க முடியாது என்பது அதன் பொருள்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற நேயர்கள் இசைவு தரவேண்டும். என் தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாரும் பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறர் விளையில் குடிசை போட்டுக் குடியிருந்தவர்கள். சட்டத்தின் பயனாக அவர்களுக்குப் 10 சென்ட் மனை சொந்தமாயிற்று. சில ஆண்டுகள் கழித்து ஓலையை மாற்றி ஓடு வேய்ந்தார்கள். ஓடு வேய்ந்தபின் பெய்த முதல் மழையன்று, கூரையில் விழும் நீரின் ஓசை மாறிவிட்டபடியால் இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை என்று பாட்டியார் சொல்வதுண்டு. மற்றொன்றையும் அவர் சொல்வார். மனை தம் பெயருக்கு வந்தபின்னும், தெற்குச் சுவரில் ஒரு சன்னல் வைக்க எண்ணியபோது, பழைய நிலத்துக்காரர் வீட்டு முற்றத்தில் போய் நின்று, ‘ஒரு சன்னல் வைத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டுவிட்டு வரும்படி பாட்டனாரை அனுப்பினாராம். பாட்டனாரும் போய்க் கேட்டுவிட்டு வந்தாராம். சட்டம் மாறி ஆண்டுகள் சென்றும், கேட்டுப் பழகிய நாவுக்குக் கேளாமல் இருக்கத் தெரியவில்லை.

காலம் சென்றது. அதே மனையில் என் மாமா சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அறையும் கழிவறையும் கூட்டிக் கட்ட முற்பட்டார். உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். மனு திரும்பி வந்தது. மாமா தமிழ் வழியில் படித்தவர். வந்த குறிப்போ மலையாளத்தில் இருந்தது. அதனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மொழிபெயர்ப்பு என் தொழிலாயிற்றே! நான் படித்துச் சொல்லுமுன்பே அவர், ‘அம்மையும் அப்பனும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தது போதாதா, மக்களே? நானும் போய் நிற்கவேண்டுமா?’ என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட வருத்தத்தை நான் மறக்கவில்லை. பாட்டனார் நின்ற முற்றத்திலேயே தாமும் நிறுத்தப்பட்டதாக அவர் எண்ணிக்கொண்டார்.

குறிப்பில் இருந்தது வேறு. மாமா தோண்ட எண்ணிய கழிவுநீர்க் குழி அண்டை வீட்டுக் குடிநீர்க் கிணற்றுக்கு மிக அருகில் இருந்தது. கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் அத்தகைய குழி அமைத்தல் கூடாது என்பது விதி. குழியை மனையின் மறுபக்கத்துக்கு மாற்றி வரைந்தால் அனுமதி கிடைத்துவிடும். இதனை விளக்கியபோது மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘அந்தக் கிணற்றில்தான் கோடையில் நாமும் தண்ணீர் கோருவோம்’ என்றார். குழி இடம் மாறிற்று, அறையும் எழும்பிற்று.

நேயர்களே, நான் முதலில் கூறிய இருவகை விதிகளை இங்கே மீண்டும் நினைவுகூர வேண்டுகிறேன். பாட்டனாரிடம் முற்றம் கேட்டது, ‘நீ யார்?’ என்பது. மாமாவிடம் அலுவலகம் கேட்டது, ‘உன் குழி எங்கே, அயலான் கிணறு எங்கே?’ என்பது. இரண்டுக்கும் அனுமதி என்று ஒரே பெயர் வழங்குவதால் இரண்டும் ஒன்றென்று நாம் மயங்கிவிடுகிறோம்.

இன்றைய விதிகள் கிராமங்களுக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். கேரளத்தில் 1999-இல் வகுக்கப்பட்ட நகராட்சிக் கட்டட விதிகள் 2007-இல் எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் நீட்டிக்கப்பட்டன. 2011-இல் பஞ்சாயத்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. 2019-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் 1997-இல் ஊராட்சிக் கட்டட விதிகளும், 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் வந்தன. 2024-இல் தமிழ்நாடு, 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் தாமே சான்றளித்து உடனடியாக அனுமதி பெறும் முறையைக் கொண்டுவந்தது. கேரளமும் 2024-இல் நகராட்சிகளிலும், 2025-இல் பஞ்சாயத்துகளிலும் மனுக்களைக் கணினி வழியே பெறும் புதிய ஏற்பாட்டைத் தொடங்கிற்று. 1956 வரை ஒரே அரசின் கீழ் இருந்த இரு கரைகளிலும் இன்று விதிப்புத்தகங்கள் வேறு. ஆயினும் அவை கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. சுவருக்கும் எல்லைக்கும் இடையே காற்றும் வெளிச்சமும் புக இடம் உண்டா? சாலைக்கு வழி விட்டாயா? மழைநீரை மண்ணுக்குள் அனுப்ப ஏற்பாடு உண்டா? சிறிய மனைக்காரரையும் விதிகள் மறக்கவில்லை. 125 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைகளுக்கு, ஏறத்தாழ 3 சென்ட் அளவுள்ளவற்றுக்கு, கேரள விதிகளில் தனிச் சலுகைகள் இருக்கின்றன. நெல்வயல்களைக் காக்க 2008-இல் வந்த சட்டமும், வேறு மனையில்லாத உழவன் வீடு கட்டிக்கொள்ளப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை வழி வைத்திருக்கிறது.

கேரள விதிகளில், அனுமதி வேண்டாத வேலைகள் என்று ஒரு சிறு பட்டியல் உண்டு. கதவு, சன்னல் வைத்தலும் நீக்கலும், வெள்ளையடித்தல், வண்ணம் தீட்டல், சாந்து பூசலும் ஒட்டுவேலையும், சரிந்த கூரையில் சிறு பழுதுபார்த்தல் ஆகியன அதில் அடங்கும். அலுவலகப் பட்டியல்களுள் நான் நெகிழ்ந்து படித்த பட்டியல் இது ஒன்றே. சாந்து பூசிக்கொள்ளக் கொங்குக் கம்மாளர்க்கு அரசனின் கல்வெட்டு வேண்டியிருந்தது. கூரையில் ஓடு ஏற ராணியின் ஆணை வேண்டியிருந்தது. சன்னல் வைக்க என் பாட்டனார் பிறர் முற்றத்தில் நின்றார். அவை மூன்றும் இன்று எவரையும் கேட்கவேண்டாத வேலைகள். இப்பட்டியலை எழுதிய அலுவலர் இவ்வரலாற்றை எண்ணி எழுதியிருக்கமாட்டார். எனினும் ஆயிரம் ஆண்டுப் பயணம் அந்தச் சில வரிகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இவ்வளவு கூறியதால், இன்றைய முறையில் குறை ஏதுமில்லை என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். விதி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்கு விளங்கவும் வேண்டும். மலையாளத்தில் அனுமதிக்கு வழங்கும் சொல் ‘அனுவாதம்’ என்பது. இந்தியிலோ அதே சொல்லுக்கு மொழிபெயர்ப்பு என்று பொருள். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் நான், இந்த ஒற்றுமையை எண்ணிப் பலமுறை வியந்திருக்கிறேன். எல்லைக் கிராமத்தில் வாழும் ஒரு தமிழருக்கு அனுவாதம் கிடைக்கவேண்டுமானால் முதலில் அனுவாதம் வேண்டும் அல்லவா?

இதற்கும் சட்டத்தில் வழியுண்டு. நம் அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, தம் குறையைத் தெரிவிக்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தத்தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்கிறது. எல்லையின் இப்புறத்தில் வாழும் மலையாள மக்களுக்கும் அதே பரிவு காட்டப்படவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். உரிமை ஏட்டில் இருக்கிறது. அது மனுக் கொடுக்கும் சாளரத்துக்கு வந்துசேரவேண்டும். ராணியின் ஆணை ஊருக்குள் வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நாம் பார்த்தோம். இன்றைய ஆணைகள் அத்தனை காலம் எடுத்துக்கொள்ளலாகாது.

குடிமக்களாகிய நமக்கும் கடமை உண்டு. தெரிந்தவர் வழியே விதியை வளைத்துக்கொள்ளுதல், கட்டி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருத்தல் போன்ற பழக்கங்கள், ‘நீ யார்?’ என்ற பழைய கேள்வியைப் புறவாசல் வழியாக மீண்டும் உள்ளே அழைத்துவருகின்றன. செல்வாக்குள்ளவருக்கு ஒரு விதி, இல்லாதவருக்கு ஒரு விதி என்றாகிவிட்டால், அடியறைப் பணம் பெயர் மாறித் திரும்பிவந்ததாகவே பொருள். விதி எல்லாருடைய சுவரையும் ஒரே அளவுகோலால் அளக்கும்போதுதான், நம் முன்னோர் பட்ட இன்னலுக்கு விடை கிடைத்ததாகும்.

பாட்டனாரும் பாட்டியாரும் இன்று இல்லை. அவர்கள் வேய்ந்த ஓடுகளுள் பல இன்னும் அந்தக் கூரையில் இருக்கின்றன. மாமா கட்டிய அறைக்கு மட்டும் கான்கிரீட்டுத் தளம். சென்ற முறை அங்கே போயிருந்தபோது மாமா வடக்குச் சுவரைத் திறந்து புதிய சன்னல் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். இதற்கு அனுமதி கேட்டீர்களா மாமா என்றேன், விளையாட்டாக. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘இதற்குக் கேட்கவேண்டாம் என்று நீதானே படித்துச் சொன்னாய்?’ என்றார்.